குருக்கள்மடத்து டொக்டரும் ஈரச் சாக்கும்

மகன், இதெல்லாம் இப்படித்தான் வந்து முடியும் என்று நான் முதலே சொன்னவன். உன் பெரியம்மாவுக்கு இரத்தம் போகத் தொடங்கிய நேரம், மூலம்தான், கற்றாழை குடித்தால் நிற்கும் என்று ஊர் சொன்னது; இது மூலமில்லை என்று சொன்னவன் நான் ஒருவன்தான். நோய் குடற்சுவரைத் தாண்டி வெளியே போய்விட்டது என்று ஸ்கேன் எடுக்க முன்னமே சொன்னவனும் நான். அந்த ஸ்கேனைப் பார்த்த குருக்கள்மடத்து டொக்டர்ப் பிள்ளையால் இந்த வீட்டுக்கு இன்னும் ஒரு கேடு வரும் என்றும் சொன்னேன். முந்தாநாள் அது தபாலில் வந்து சேர்ந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் பூசின கலியாண அட்டை. மணமகன் என்ற இடத்தில் நான் தூக்கி வளர்த்த உன் பெயர். மணமகள் என்ற இடத்தில் அவளுடைய பெயர்.

உன் பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தாள். பிறகு மடித்துச் சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்தாள். "நல்லா இரிக்கட்டும். நான் வரல்ல," என்றாள். "என்ன கா, நீ வளத்த பிள்ளையிட கலியாணமெல்லோ?" என்றேன், ஒரு பேச்சுக்கு. "அதுக்குத்தான் சொல்றன். வந்தா அந்தப் பிள்ளைட முகத்தப் பாக்கணும். என்னால ஏலா. அவனுக்கு எழுதிப் போடுங்க." ஆகவே எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்ததே தவிர நான் எழுத்தை இழக்கவில்லை. சித்தாண்டியில் யாருக்காவது அரசாங்கத்துக்கு மனு எழுத வேண்டுமென்றால் இன்றைக்கும் என்னிடம்தான் வருவார்கள். நான் எழுதிய ஒரு மனுவை வாசித்துவிட்டு ஒரு பெரிய அதிகாரி கதிரையை விட்டே எழும்பி நின்றதாகக் கேள்வி.

தாயும் தகப்பனும் இல்லாமல் ஏழு வயதில் எங்களிடம் வந்தாய். எங்களுக்கும் பிள்ளை இல்லை, உனக்கும் ஆள் இல்லை, கணக்குச் சரியாகிவிட்டது. வந்த முதல் மாரியிலே உனக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. உன்னைத் தோளில் வைத்துக்கொண்டு வாவியை நீந்திக் கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் நான்; பின்னால் ஒரு முதலை பாதி தூரம் வந்தது. நாங்கள் போனது பஸ்ஸில் என்று உன் பெரியம்மா சொல்லுவாள். அவள் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபடியால் முதலையைக் காணவில்லை. அன்று தொடங்கி நாலு நாள் அவள் உன் கட்டிலை விட்டு எழும்பவில்லை. இதில் நான் ஒரு சொல்லும் கூட்டவில்லை. அந்தப் பெண்ணைத்தான், மகன், அந்தக் குருக்கள்மடத்தாள் ஒரு மேசையில் சுவரைப் பார்த்துப் படுக்கவைத்தாள். நம்முடைய பக்கத்து வழக்கமும் உனக்குத் தெரியும். கலியாணம் கட்டினால் ஆண்தான் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போவான். முதலில் என் மனிசியின் உடம்பை எடுத்தாள். இனி என் பிள்ளையையும் பெட்டியோடு எடுத்துக்கொண்டு குருக்கள்மடம் போகப் போகிறாள். இதற்கு நான் சும்மா இருந்தால் என்னை மனிசன் என்று யார் சொல்வது?

நீ திருகோணமலையில் வேலையோடு இருந்தபடியால் முதலிலிருந்தே சொல்கிறேன். கமரா விட்டுப் பார்த்து, உள்ளே ஒரு கட்டி இருக்கிறதென்று சொல்லி, அதில் சின்னதாக ஒரு துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். அது புற்று என்று வந்தது. அடுத்ததாக ஸ்கேன் எடுத்து, அது குடற்சுவருக்குள்ளேயே நிற்கிறதா, சுவரைத் துளைத்து வெளியே போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். உள்ளே நின்றால் வெட்டி எடுத்தால் போதும். வெளியே போயிருந்தால் முதலில் கொழும்புக்குப் போய்க் கரண்ட் பிடிக்க வேண்டும், கதிர் பாய்ச்சிக் கட்டியைச் சுடுகிற சிகிச்சை; பிறகுதான் வெட்டு. அந்த ஒரு படத்தில்தான் அவளுடைய ஆயுளின் வழி இருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு மூன்று கிழமை, இருபத்தொரு நாள், தள்ளித் திகதி போட்டார்கள். நான் விடுவேனா? நான் நெல் பார்க்கிற மில்லுக்கு வருகிற லொறிக்காரனின் மச்சான் அங்கே வேலை. என் பெயரைச் சொன்னதும் அந்த மச்சான் ஓடித் திரிந்து, துண்டெடுத்த மூன்றாம் நாளே இடம் எடுத்துத் தந்தான். மந்திரிமாருக்கும் கிடைக்காத வேகம். இதை நான் சந்தியில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

பெரிய டொக்டர் அன்றைக்கு லீவு. இவள்தான் இருந்தாள். மெலிந்த உருவம், பெரிய கண்ணாடி, கழுத்தில் தொங்கிய அட்டை இன்னும் பளபளவென்று புதிது. தடி போன்ற கருவி ஒன்றின் நுனியில் தண்ணீர் நிரப்பின சின்னப் பலூன். அதைப் பின்வழியால் உள்ளே விட்டுத்தான் பார்க்க வேண்டும். உன் பெரியம்மா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். கடைத்தெருவில் முந்தானை விலகினாலே முகம் சிவக்கிறவள். இடது பக்கம் சரிந்து, முழங்காலை வயிற்றோடு மடக்கி, சுவரைப் பார்த்துக் கிடந்தாள். நான் திரைக்கு இந்தப் பக்கம். ஸ்கேன் நடந்துகொண்டிருக்கும்போதே, மகன், பாதியில், அவள் வேலையை விட்டுவிட்டு ஃபோனை எடுத்துக் கதைத்தாள். கதைத்தது மட்டுமா, சிரித்தாள். என் மனிசி அந்தக் கோலத்தில் கிடக்க, இவள் யாரோடோ சிரித்துக் கதைத்தாள். பிறகு உள்ளே போய் அவசரமாகப் பார்த்து முடித்தாள். 'சுவரைத் தாண்டி வெளியே போயிருக்கிறது' என்று எழுதினாள்.

அதற்குப் பிறகு ஐந்து கிழமை கொழும்பு. கரண்ட் பிடித்த இடம் தோல் உரிந்து, இருக்கவும் முடியாமல் படுக்கவும் முடியாமல், ஒரு தலையணையில் முழங்கால் குத்தி நின்றபடி அவள் சோறு தின்றதை நீ பார்க்கவில்லை. பார்த்தவன் நான். பிறகு வெட்டு. வயிற்றில் பை. ஆறு மாதம் கழித்துப் பையை எடுத்தார்கள். நோய் போய்விட்டது, அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த எரிவு போகவில்லை. கொடியேற்றத்துக்கும் கோயிலுக்குப் போக மாட்டாள். இடையில் அவசரமாக வந்தால் என்ன செய்வது என்று பயம். பஸ்ஸில் ஏறவே மாட்டாள். நெல்லுக் காயப்போட்ட முற்றத்தில் காகத்துக்குக் கல்லெறிந்துகொண்டு பாட்டுப் பாடினவள் இப்போது கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் இடையில் எத்தனை அடி என்று கணக்கு வைத்திருக்கிறாள்.

வெட்டுக்கு முன்னம் அந்தப் பெரிய டொக்டர் லீவு முடிந்து வந்து, மிசினில் கிடந்த பழைய படங்களைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார். கதிரை போட்டார். தேத்தண்ணியும் வரவழைத்ததாகத்தான் எனக்கு ஞாபகம். திரையில் வெட்டின மரத்தின் வளையங்கள் போல ஒன்று வெள்ளை ஒன்று கறுப்பாக வட்டம் வட்டமாக இருந்தது. "ஐயா, இந்தக் கறுப்பு வளையம்தான் குடலின் தசை. கட்டி இதுக்குள்ளதான் நிக்குது. இஞ்சால மங்கலாத் தெரியிறது நோயில்ல. துண்டு வெட்டின இடம் வீங்கியிருக்கு. மூணாம் நாளில பாத்தா அப்பிடித்தான் தெரியும்," என்றார். "அப்ப கரண்ட் பிடிச்சது?" என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் பாத்திருந்தா நேரா வெட்டுக்கு அனுப்பியிருப்பன்," என்றார். "புதுக் கை எப்பவும் கூட்டித்தான் வாசிக்கும் ஐயா. குறைச்சு எழுதி நோயை விட்டுட்டா என்ன செய்றது எண்ட பயம். கனக்கப் பேரைப் பாத்தாத்தான் எது வீக்கம், எது நோய் எண்டு கண்ணுக்குப் பிடிபடும். படம் ஒண்டுதான். பாக்கிற ஆளைப் பொறுத்து நோய் கூடும், குறையும்." நான் எழும்பி மேசையில் அடித்தேன். "பழகுறதுக்கு என்ட மனிசிதானா கிடைச்சா?" என்றேன். ஆஸ்பத்திரி முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. மூன்று வாட்டு நோயாளிகள் எழும்பி நடந்ததாக ஒரு தாதி பிறகு சொன்னாள்.

அந்தக் கேள்வியைக் கேட்டேனே தவிர, வீடு வந்து சேரும் வரை அது என்னைத்தான் கடித்துக்கொண்டு வந்தது. ஏனென்று சொல்கிறேன். நான் மில்லில் நெல் பார்க்கப் போன முதல் வருஷம், நீ பிறக்க முன்னம். மூட்டையில் கூர்க்குழாயைக் குத்தி ஒரு பிடி நெல்லை உருவி, வாயில் போட்டுக் கடித்து, ஈரமா காய்ந்ததா என்று சொல்ல வேண்டும். காய்ந்த நெல் பல்லுக்குக் கீழே 'டக்' என்று உடையும், ஈர நெல் நசியும். இன்றைக்கு என் பல்லுக்குக் கல்முனையிலிருந்து வாகரை வரைக்கும் மதிப்பு. அன்றைக்கு நான் பழகுகிறவன். வவுணதீவிலிருந்து ஒரு போடியார், அதாவது வட்டைக்கு, ஒரு பெரிய வயல்வெளிக்கு, சொந்தக்காரர், விடியச் சாமத்துப் பனியில் மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினார். சாக்கெல்லாம் பனியில் நனைந்திருந்தது. நான் பயத்தில் ஆழமாகக் குத்தவில்லை. ஓரத்தில் குத்தினேன். ஈரச் சாக்கோடு ஒட்டிக் கிடந்த நெல் வாய்க்குள் நசிந்தது. "எல்லாம் ஈரம். எடுக்க ஏலா," என்றேன். ஈர நெல்லை எடுத்துவிட்டால் முதலாளி என்னை அனுப்பிவிடுவார். காய்ந்ததை ஈரமென்று சொன்னால் எனக்கு ஒன்றுமில்லை. புதுக் கை, மகன். அன்று பின்னேரம் அடித்த மழையில் மூட்டைகள் வாசலில் கிடந்து நனைந்தன. மூன்றாம் நாள் அந்த நல்ல நெல் முளைவிட்டது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. முதலாளி வந்து ஒரு மூட்டையின் நடுவில் கைவிட்டுப் பார்த்துவிட்டு, "இது காஞ்ச நெல்லெல்லோடா, எப்பிடி ஈரமெண்டாய்?" என்று கேட்டார். "போடியார் பாரம் கூடட்டுமெண்டு தண்ணி தெளிச்சுக் கொண்டந்தவர் போல," என்று ஒரு வார்த்தை விட்டேன். ஒரே ஒரு வார்த்தை. அது போடியாரின் காதுக்குப் போனது. அவர் வந்து அடிக்கவில்லை, ஏசவில்லை. அடுத்த போகத்தில் இருந்து, ஒவ்வொரு அறுவடைக்கும், பழைய பேப்பரில் சுற்றின ஒரு பிடி முளைத்த நெல் என் பெயருக்கு மில்லுக்கு வரும். பத்தொன்பது வருஷம் வந்தது. அவர் செத்த பிறகும் வந்தது; மருமகன் அனுப்பினான். அந்தக் குடும்பத்தில் பழி வளவோடும் வட்டையோடும் சேர்ந்து மகளுக்குச் சீதனமாகப் போயிருக்கிறது. பழி என்றால், மகன், அப்படி இருக்க வேண்டும். அந்த மனிசனிடம் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

ஆகவே நானும் அந்த வழியில்தான் போனேன். உன் பெரியம்மா எரிவுக்குப் பூசுகிற களிம்பு தீர்ந்ததும் அந்த வெறும் குழாயைக் கழுவி, உறையில் போட்டு, அந்த டொக்டரின் பெயருக்கு அனுப்பினேன். ஒரு சொல்லும் எழுதவில்லை. இப்படி மாதா மாதம் வெறும் குழாய் வந்தால் எந்தக் கல்நெஞ்சும் உருகாமல் போகுமா என்று மனதுக்குள் சிரித்தேன். ஒன்பதாம் நாள் தபாலில் ஒரு பெட்டி வந்தது. உள்ளே புதுக் குழாய், நிறைந்தது, அதைவிட நல்ல சாதிக் களிம்பு. கூட ஒரு தாள்: 'குளித்த பின் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு மெதுவாகப் பூசவும். தேய்க்க வேண்டாம்.' எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பழிவாங்கப் போனவனுக்கு மருந்து அனுப்புகிறவளை என்ன செய்வது? அடுத்த மாதமும் வெறும் குழாய் போனது, நிறைந்த குழாய் வந்தது. உன் பெரியம்மாவிடம் கொழும்பில் இருந்து என் செல்வாக்கால் எடுப்பித்தேன் என்று சொன்னேன். "இந்தக் களிம்புதான் கேக்குது. ஆர் தந்தாலும் புண்ணியம் கிடைக்கட்டும்," என்றாள். நான் மறுபக்கம் திரும்பி இருமினேன்.

குழாயால் முடியாது என்றுதான் உன்னை அனுப்பினேன். நீ லீவில் வந்திருந்தாய். "போய் நேருக்கு நேர் நிண்டு கேள் மனே. உங்களுக்கு என்ட பெரியம்மாட உடம்பு விளையாட்டா, ஃபோன்ல சிரிச்சுக் கதைச்சீங்களா இல்லையா எண்டு கேள். அழ வைச்சிட்டு வா," என்று சொல்லி, பஸ்ஸுக்கும் நானே ஏற்றிவிட்டேன். காலையில் போனவன் பொழுதுபட வந்தாய். வாசலிலேயே பிடித்தேன். "என்ன மனே, கேட்டியா?"

"கேட்டன் பெரியப்பா."

"என்ன சொன்னவள்?"

"கொஞ்ச நேரம் என்னையே பாத்துக்கொண்டிருந்தா. பிறகு, பெரியம்மா இப்ப எப்பிடி இரிக்கா எண்டு கேட்டா."

"மறுகா?"

"மறுகா தேத்தண்ணி குடிச்சம்."

பார், மகன். நான் சண்டைக்கு அனுப்பினேன், நீ சம்பந்தம் செய்துகொண்டு வந்தாய். ஃபோனைப் பற்றிக் கேட்டும் அவள் இல்லையென்று சொல்லவில்லையே, அதுவே பெரிய சாட்சி என்று அன்றைக்கு உனக்கு விளக்கினேன். நீ தலையாட்டினாய். ஆனால் அடுத்த லீவுக்கு வந்தபோது முதலில் இறங்கினது சித்தாண்டியில் இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். சட்டையில் ஆஸ்பத்திரி மணம் இருந்தது.

இனிக் கலியாணத்துக்கு வருகிறேன். உன் பெரியம்மா வரமாட்டாள். நான் வருவேன். வந்து என்ன செய்வேன் என்றும் நான் திட்டம் போட்டு வைத்திருந்தேன், மறைக்கவில்லை. பந்தியில் முதல் இலை எனக்குத்தான் போடுவார்கள். பெண் வீட்டார் எல்லோரும் நின்று பார்க்கும்போது சோறும் கறியும் எல்லாம் விழட்டும் என்று காத்திருந்து, ஒரு பருக்கையும் தொடாமல், இலையை மூடிவிட்டு எழும்பிக் கைகழுவப் போவேன். குருக்கள்மடத்தில் ஏழு தலைமுறைக்கு அந்த இலையைப் பற்றிக் கதைப்பார்கள். பெண்ணின் தகப்பன் ஓடிவந்து காரணம் கேட்பான். அப்போது அந்த ஃபோன் கதையைச் சபையில் சொல்வேன். இந்தக் கதையை மில்லில் சொல்லிச் சொல்லி நான் நன்றாகத் தீட்டி வைத்திருக்கிறேன். லொறிக்காரர்களுக்குச் சொன்னபோது அவள் ஃபோனில் சேலைக்கு விலை பேசினாள். சலூனில் சொன்னபோது ஸ்பீக்கரில் பாட்டும் கேட்டது.

நேற்றுப் பின்னேரம் இந்தக் கடிதத்தை இந்த இடம் வரைக்கும் எழுதிவிட்டு, தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போகிற வழியில் அறைக்குள் பார்த்தேன். உன் பெரியம்மா அலுமாரியைத் திறந்து, உன் கலியாணத்துக்கென்று எப்போதோ வாங்கி வைத்த மாம்பழ நிறச் சேலையை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள். எரிவால் இருக்க முடியாத நேரம். சுவரில் சாய்ந்து நின்றாள். என்னைக் கண்டதும் அதை உள்ளே வைக்கப் போனாள். "ஆசையா இரிந்தா போவமே கா," என்றேன். அவள் சேலையைப் பார்த்தபடியே சொன்னாள்: "அந்தப் பிள்ளை பிழையாப் பாத்ததுக்கு எனக்குக் கோவமில்ல. சின்னப் பிள்ளை. பழகுற கை. நானும் முதல்முதல் சோறாக்கேக்க உங்களுக்கு அரிசியைத்தானே தந்த நான்? அத நான் எப்பவோ விட்டுட்டன். ஆனா நான் அந்தக் கோலத்தில சுவரப் பாத்துக் கிடக்க, முதுகுக்குப் பின்னால நிண்டு ஃபோன்ல சிரிச்சாவே. அத மட்டும் என்னால மறக்க ஏலா. அந்தச் சிரிப்பு மட்டும் இல்லையெண்டா, நான் நடந்தெண்டாலும் போயிரிப்பன் அவன்ட கலியாணத்துக்கு."

அவள் சேலையை உள்ளே வைத்து அலுமாரியைப் பூட்டினாள். நான் தண்ணீர் குடிக்காமல் திரும்பி வந்தேன்.

ஆகவே அன்றைக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இது எனக்குப் பழக்கமில்லாத வேலை. புதுக் கை என்று பார்த்துக்கொள்.

பாதியில் அவள் வெளியே வந்தது உண்மை. திரைக்கு இந்தப் பக்கம் வந்து, உள்ளே கேட்டுவிடக் கூடாதென்று குரலைத் தாழ்த்தி, "ஐயா, துண்டெடுத்து எத்தின நாள்?" என்று கேட்டாள். மூன்று நாள் என்றேன், பெருமையாகத்தான். அவள் முகம் மாறியது. "ஏன் இவ்வளவு கெதியாக் கூட்டி வந்தீங்க? அந்த இடம் இப்ப வீங்கியிரிக்கும். எனக்கு வெளிய போன மாதிரித்தான் தெரியுது, ஆனா வீக்கமாயும் இரிக்கலாம். நான் இத கனக்கப் பேருக்குப் பாத்ததில்ல ஐயா. மூணு கிழமையால திரும்பக் கூட்டி வாங்க, பெரிய டொக்டரும் வந்திடுவார், ரெண்டு பேருமாச் சேந்து பாக்கிறம். அதுக்குள்ள ஒண்டும் கைமீறிப் போகாது," என்றாள். மூன்று கிழமை. அந்தச் சனியனை அவளுடைய உடம்புக்குள் மூன்று கிழமை வைத்துக்கொண்டு நான் எப்படி நித்திரை கொள்வது, மகன்? பயம் வந்தால் எனக்கு வாய்தான் முதலில் ஓடும், உனக்குத் தெரியும். நானும் குரலைத் தாழ்த்தி, "டொக்டர், மூட்டையில குத்தி உள்ளுக்க என்ன இரிக்கெண்டு சொல்ற ஆள் நான். இது வெளிய போயிட்டுது. எழுதுங்க," என்றேன். அதற்குத்தான் அவள் சிரித்தாள். "நெல்லெண்டா நான் உங்களிட்டதான் வந்து கேப்பன் ஐயா," என்றாள். பிறகு உள்ளே போனாள். அவள் எழுதித் தந்தது இரண்டு தாள். இரண்டாவது தாளில் இங்கிலீசில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கு முழுதாக வாசிக்கத் தெரியாது. திரும்ப வரவேண்டிய திகதி மட்டும் தெரிந்தது. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். சத்திரசிகிச்சை டொக்டர் முதல் தாளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். "இவ்வளவுதான் ஐயா," என்றேன். படங்களைத் திரும்பப் பார்த்த பெரிய டொக்டர், "அவ உங்களைத் திரும்ப வரச் சொல்லல்லையா?" என்று கேட்டபோதும் இல்லை என்றேன்.

அன்றைக்குப் பஸ் ஏறாவூர் தாண்டும்போது உன் பெரியம்மா கேட்டாள்: "அந்தப் பிள்ளை நடுவுல போய் ஆரோட சிரிச்சுக் கதைச்சது?" மின்விசிறிச் சத்தத்தில் அவளுக்கு என் குரல் பிடிபடவில்லை, சிரிப்பு மட்டும்தான் கேட்டிருக்கிறது. என்னோடு என்று சொன்னால், என்ன கதைத்தீர்கள் என்பாள். மூன்று கிழமையைச் சொல்ல வேண்டும். "ஃபோன்ல," என்றேன். போடியாருக்கு விட்டது போல ஒரு வார்த்தைதான்.

நீ போய்க் கேட்டபோதும் அவள் உன்னிடம் இதைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் உன்னையே பார்த்தாள் என்றாயே, நான் என்ன சொல்லி உன்னை அனுப்பியிருக்கிறேன் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்கும். ஒரு சொல்லில் என்னை உன் முன்னால் சாய்த்திருக்கலாம். செய்யாமல் தேத்தண்ணி ஊற்றித் தந்திருக்கிறாள். அவள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான், அதை விடச் சொல்லி என்னிடம் கேட்காதே; இப்படிப்பட்டவளிடம் எப்படிப் பழிவாங்குவது என்று போடியாருக்கும் தெரிந்திருக்காது. அந்த இரண்டாவது தாளை இதோடு வைத்திருக்கிறேன். வியர்வையில் மஞ்சளடித்திருக்கிறது, திகதி தெரியும்.

ஃபோன் இல்லை, மகன். அது நான் கட்டினது. உன் பெரியம்மாவிடம் வாயால் சொல்ல எனக்கு ஏலாது. இந்த உறையை ஒட்டாமல் அவளுடைய களிம்புக் குழாய்க்குக் கீழே வைத்துவிட்டு மில்லுக்குப் போகிறேன். இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், வாசித்துவிட்டு ஒட்டித் தபாலில் போட்டவள் அவள்தான்.